புதுக்குரல்கள் (கவிதைத் தொகுப்பு)

புதுக்குரல்கள் என்பது 1962 ஆம் ஆண்டு சென்னையில் வெளியிடப்பட்ட தமிழ்ப் புதுக்கவிதைத் தொகுப்பு நூல் ஆகும். எழுத்து என்னும் சிற்றிதழின் ஆசிரியரான சி. சு. செல்லப்பா இதனைத் தொகுத்துத் தமது எழுத்து பிரசுரம் வாயிலாக வெளியிட்டார். 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இதில் இடம்பெற்றுள்ளன. பல கவிஞர்களின் புதுக்கவிதைகளை ஒன்று சேர்த்து வந்த முதல் தமிழ்த் தொகுப்பாக இந்நூல் பொதுவாகக் கருதப்படுகின்றது.

இந்நூல் வெளிவந்தபோது புதுக்கவிதைக்கெனத் தமிழில் வாசகர் கூட்டம் எதுவும் உருவாகியிருக்கவில்லை. புத்தகக் கடைகளும் இத்தகைய நூல்களில் ஆர்வம் காட்டவில்லை. எனவே செல்லப்பா, எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகக் கட்டி, தாமே சுமந்து, ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றார். பின்னர் இந்நூல் பல்கலைக்கழகப் பாடநூலாகவும் ஏற்கப்பட்டது. ஆகையால், புதுக்கவிதை வரலாற்றில் மட்டுமன்றி, தமிழில் கவிதை நூல்கள் வாசகரைச் சென்றடைந்த முறைகளின் வரலாற்றிலும் புதுக்குரல்கள் ஒரு முக்கிய நிகழ்வாக விளங்குகின்றது.

பின்னணி

யாப்பிலிருந்து விலகல்

தமிழ்க் கவிதை நெடுங்காலமாக எதுகை, மோனை, சீர், தளை ஆகியவற்றைக் கொண்ட யாப்பு இலக்கணத்துக்கு உட்பட்டே எழுதப்பட்டு வந்தது. சுப்பிரமணிய பாரதியார் தம் இறுதிக் காலத்தில் உரைநடைக்கும் கவிதைக்கும் இடைப்பட்ட வசன கவிதை வடிவத்தில் சில படைப்புகளை எழுதினார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகள் அவருக்கு அறிமுகமாகியிருந்தன.

இவ்வடிவத்தைத் தொடர்ந்து கையாண்டவர்களுள் முதன்மையானவர் ந. பிச்சமூர்த்தி ஆவார். அவரது காதல் என்ற கவிதை 1934 ஆம் ஆண்டு மணிக்கொடி இதழில் வெளிவந்தது. கு. ப. ராஜகோபாலனும் அக்காலத்தில் வசன கவிதைகள் எழுதினார். எனினும் 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் இம்முயற்சி பெரும்பாலும் தேங்கிக் கிடந்தது. மணிக்கொடி போன்ற இதழ்கள் நின்றுபோனமையும், பெருவாரி வாசகர்களைக் கொண்ட வார இதழ்கள் இத்தகைய கவிதைகளை ஏற்காமையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

எழுத்து இதழ்

சி. சு. செல்லப்பா (1912 - 1998) மணிக்கொடி காலத்தில் எழுதத் தொடங்கியவர். காந்தியவாதி, விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர். சிறுகதை, புதினம், திறனாய்வு ஆகிய துறைகளில் இயங்கியவர். இவர் 1959 சனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து எழுத்து என்னும் மாத இதழைத் தொடங்கினார்.

எழுத்து முதன்மையாக இலக்கியத் திறனாய்வுக்கென்றே தொடங்கப்பட்டது. கவிதை அதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. ஆயினும் முதல் இதழிலேயே பிச்சமூர்த்தியின் பெட்டிக்கடை நாரணன் என்ற கவிதை வெளியாயிற்று. க. நா. சுப்ரமண்யமும் மயன் என்ற புனைபெயரில் எழுதினார். இவற்றைப் படித்த இளைஞர்கள் பலர் தாமும் எழுதி அனுப்பத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் புதுக்கவிதையின் முதன்மைக் களமாக எழுத்து மாறியது.

இவ்விதழின் விற்பனை முறை கவனிக்கத்தக்கது. எழுத்து கடைகளில் விற்கப்படாது, சந்தா செலுத்துவோருக்கு மட்டுமே அனுப்பப்படும், 2000 படிகளுக்கு மேல் அச்சிடப்படாது எனச் செல்லப்பா அறிவித்தார். வணிக இதழ்கள் விற்பனை எண்ணிக்கையை உயர்த்தப் போட்டியிட்ட காலத்தில், ஓர் இதழ் தன் எண்ணிக்கைக்குத் தானே மேல்வரம்பு விதித்துக்கொண்டமை புதுமையாக இருந்தது. நடைமுறையில் அந்த மேல்வரம்பை இதழ் ஒருபோதும் எட்டவில்லை. மொத்தம் 119 இதழ்கள் வெளிவந்தபின் 1970 இல் எழுத்து நின்றது.

தொகுப்பின் உருவாக்கம்

மாத இதழில் வெளியாகும் கவிதை அந்த இதழோடு மறக்கப்படும் நிலை இருந்தது. புதிதாகச் சந்தா சேர்ந்தவர்களுக்குப் பழைய இதழ்கள் கிடைப்பதும் அரிதாக இருந்தது. மேலும், தனித்தனியாகப் படிக்கும்போது சோதனை முயற்சிகளாகத் தோன்றும் கவிதைகள், ஒன்றாகத் தொகுக்கப்படும்போது ஓர் இயக்கத்தின் வெளிப்பாடாகத் தெரியக்கூடும். இக்காரணங்களால், எழுத்து இதழின் கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்புக்குத் தேவை ஏற்பட்டது.

1962 ஆம் ஆண்டு எழுத்து பிரசுரத்துக்கு முக்கியமான ஆண்டாகும். பிச்சமூர்த்தியின் காட்டு வாத்து என்ற கவிதை நூலும், புதுக்குரல்கள் தொகுப்பும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. முன்னது மூத்த கவிஞர் ஒருவரின் தனி நூல். பின்னது பெரும்பாலும் இளைஞர்களின் கூட்டு நூல். இவ்விரண்டும் சேர்ந்தே புதுக்கவிதையை நூல்வடிவில் நிலைநிறுத்தின எனலாம். இவற்றைத் தொடர்ந்து பிச்சமூர்த்தியின் வழித்துணை (1964), தி. சோ. வேணுகோபாலனின் கோடை வயல் (1965) முதலிய நூல்களையும் எழுத்து பிரசுரம் வெளியிட்டது.

கவிஞர்கள்

ந. பிச்சமூர்த்தி, சி. மணி, தருமு சிவராமு (பிற்காலத்தில் பிரமிள் என அறியப்பட்டவர்), எஸ். வைதீஸ்வரன், தி. சோ. வேணுகோபாலன் முதலியோரின் கவிதைகள் தொகுப்பில் உள்ளன. பசுவய்யா என்ற பெயரில் எழுதிய சுந்தர ராமசாமியும், தம் இயற்பெயரான டி. கே. துரைஸ்வாமி என்ற பெயரில் எழுதிய நகுலனும் இதில் இடம்பெற்றோருள் குறிப்பிடத்தக்கவர்கள்.

இவர்கள் ஒரே ஊரினர் அல்லர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலிலும், நகுலன் திருவனந்தபுரத்திலும் வாழ்ந்தனர். தருமு சிவராமு இலங்கையின் திருகோணமலையிலிருந்து கவிதைகளையும் கட்டுரைகளையும் அஞ்சலில் அனுப்பினார். ஒருவரையொருவர் நேரில் அறியாத பலர் திருவல்லிக்கேணியின் ஒரு முகவரி வழியாகவே தொடர்பு கொண்டிருந்தனர். இன்று இணையக் குழுக்கள் செய்யும் பணியை அன்று அஞ்சல் துறை செய்தது எனக் கூறுவது மிகையாகாது.

நுழைவாசல்

தொகுப்புக்குச் செல்லப்பா எழுதிய முன்னுரைக்கு நுழைவாசல் என்று பெயர். புதுக்கவிதை என்பது என்ன, அது எவ்வாறு தோன்றியது, அதனை எவ்வாறு அணுகவேண்டும் என்பன பற்றிய விளக்கமாக அது அமைந்தது.

பொதுவாக ஒரு தொகுப்பு நூலின் முன்னுரை, தேர்வு செய்த முறையைக் கூறுவதோடு நின்றுவிடும். நுழைவாசலின் பணி வேறு. எதுகையும் மோனையும் சந்தமும் உள்ளதே கவிதை என்று பள்ளிப் பருவம் முதல் பழகிய ஒருவருக்கு, இந்நூலின் பக்கங்கள் துண்டு துண்டாக உடைக்கப்பட்ட உரைநடையாகவே தோன்றக்கூடும். அத்தகைய வாசகர் நூலை மூடிவிடாமல் உள்ளே வருவதற்கு வழிகாட்டி தேவைப்பட்டது. பெயருக்கேற்ப, நுழைவாசல் அப்பணியைச் செய்தது. பின்னாளில் புதுக்கவிதை பற்றி எழுதப்பட்ட ஆய்வுகள் பலவற்றில் இம்முன்னுரை தவறாது குறிப்பிடப்படுகின்றது.

நூலின் பரப்பல்

வழக்கமான வழிகள் பயன்படாமை

1960களில் ஒரு தமிழ்க் கவிதை நூல் வாசகரை அடையப் பொதுவாக மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, கவியரங்க மேடை. விழாக்களிலும் வானொலியிலும் கவியரங்கங்கள் நடைபெற்றன. அவற்றில் கவிதை உரத்த குரலில், கைதட்டல் பெறும் வகையில் படிக்கப்பட்டது. மரபுக் கவிதையின் சந்தம் இதற்குத் துணைநின்றது. எழுத்து கவிஞர்களின் கவிதைகளோ தனியே அமர்ந்து, கண்ணால் படித்து, மீண்டும் திரும்பிப் பார்க்க வேண்டிய தன்மை உடையவை. எனவே மேடை அவற்றுக்கு ஏற்ற இடமாக இருக்கவில்லை.

இரண்டாவது, புத்தகக் கடை. கடைக்காரர் விற்பனையாகும் எனத் தாம் நம்பும் நூலையே வாங்கி அடுக்குவார். புதினங்களும் சமய நூல்களும் பாட உரைகளும் விற்ற அளவுக்குக் கவிதை நூல்கள் விற்கவில்லை. அறியப்படாத கவிஞர்கள், அறியப்படாத வடிவம், சிறிய பதிப்பகம் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்த நூலுக்குக் கடையில் இடம் கிடைப்பது மேலும் கடினமாக இருந்தது.

மூன்றாவது, வார இதழ்களில் மதிப்புரையும் விளம்பரமும். வணிக இதழ்களின் போக்கைக் கண்டிக்கும் நோக்குடைய ஓர் இதழின் வெளியீடுகளுக்கு அவ்விதழ்களிடமிருந்து பெரிய ஆதரவை எதிர்பார்க்க இயலவில்லை.

மாநிலத்தில் பொது நூலகங்கள் இருந்தன. 1948 ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் இத்தகைய முதல் சட்டமாகும். பிற்காலத்தில் நூலக ஆணை தமிழ்ப் பதிப்பாளர்களின் முக்கிய வருவாயாக மாறியது. ஆயினும் நூலகத்தின் அடுக்கில் ஒரு நூல் இருப்பது வேறு, அதனை எடுத்துப் படிக்க ஒருவர் முன்வருவது வேறு. புதுக்குரல்களுக்கு முதலில் தேவைப்பட்டது அந்த ஒருவரே.

கல்லூரிப் பயணங்கள்

இந்நிலையில் செல்லப்பா தேர்ந்தெடுத்த வழி நேரடிப் பயணம் ஆகும். திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த அவரது வீடே எழுத்து அலுவலகமாகவும், பதிப்பகத்தின் கிடங்காகவும் இருந்தது. அங்கிருந்து நூல்களைக் கட்டுகளாக எடுத்துக்கொண்டு, தமிழகத்தின் பல ஊர்களுக்கும் சென்றார். கல்லூரிகளில் தமிழ்ப் பேராசிரியர்களையும் நூலகர்களையும் மாணவர்களையும் சந்தித்தார். புதுக்கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் உரையாடினார். கொண்டு சென்ற நூல்களை விற்றார். மீதமிருந்தவற்றைச் சுமந்து அடுத்த ஊருக்குச் சென்றார்.

கல்லூரிகளை அவர் நாடியதற்குத் தெளிவான பொருத்தம் உண்டு. ஒரு தனி வாசகருக்கு நூல் விற்றால் ஒரு படி மட்டுமே விற்கும். ஒரு பேராசிரியர் ஏற்றுக்கொண்டால் ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு அந்நூல் அறிமுகமாகும். அதேவேளையில், புதுக்கவிதைக்கான எதிர்ப்பு மிகுதியாக இருந்த இடமும் தமிழ்த் துறைகளே. ஆகவே செல்லப்பாவின் பயணம் எளிய விற்பனைப் பயணமன்று. ஏற்க மறுப்பவரின் இடத்துக்கே சென்று, அவர் முன் நூலை வைத்து, வாதிட்டுத் திரும்பும் பயணமாகவும் அது இருந்தது.

இப்பயணங்களை அவரோடு பழகிய எழுத்தாளர்கள் பலர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளனர். வல்லிக்கண்ணன், வெங்கட் சாமிநாதன், சுந்தர ராமசாமி ஆகியோரின் எழுத்துகளில் புத்தகச் சுமையோடு ஊர்களில் வந்திறங்கும் செல்லப்பாவின் தோற்றத்தைக் காணலாம். சுந்தர ராமசாமி அவரைப் பற்றி நினைவோடை வரிசையில் ஒரு தனி நூலே எழுதினார்.

பொருள் இழப்பு

இம்முறை பெரும் உழைப்பைக் கோரியது. வருவாய் குறைவாகவே இருந்தது. போக்குவரத்துச் செலவு, தங்கும் செலவு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சியது சிறிதளவே. இதழையும் பதிப்பகத்தையும் நடத்துவதற்காகச் செல்லப்பா தம் குடும்பத்தின் நகைகளையும் இழக்க நேர்ந்ததாக நண்பர்கள் எழுதியுள்ளனர். ஆயினும் எழுத்து பிரசுரம், இதழ் நின்ற பின்னரும் நூல்களை வெளியிட்டது. தமது இறுதிக் காலத்தில் சுதந்திர தாகம் என்ற பெரும் புதினத்தையும் செல்லப்பா 1997 இல் தாமே வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் மறைந்தபின் 2001 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது வழங்கப்பட்டது.

எதிர்வினைகள்

புதுக்கவிதை இருவேறு தரப்பினரின் எதிர்ப்பைச் சந்தித்தது.

மரபுத் தமிழறிஞர்கள் யாப்பில்லாத எழுத்தைக் கவிதை எனக் கொள்ள மறுத்தனர். இலக்கணப் பயிற்சி இல்லாதோர் எளிதில் புகழ்பெறக் கண்ட குறுக்குவழி எனச் சிலர் இதனைக் கருதினர்.

நா. வானமாமலை முதலிய மார்க்சியத் திறனாய்வாளர்களின் எதிர்ப்பு வடிவம் பற்றியதன்று; உள்ளடக்கம் பற்றியது. எழுத்து கவிஞர்களிடம் தனிமனித விரக்தியும் மேலைநாட்டு இலக்கியப் போக்குகளின் சாயலும் மிகுந்துள்ளன, சமூக நோக்கு குறைவாக உள்ளது என்பது அவர்களது வாதம். 1970களில் கோயம்புத்தூரில் தோன்றிய வானம்பாடி இயக்கத்தினர், புதுக்கவிதை வடிவத்தை ஏற்றுக்கொண்டு அதனைச் சமூக மாற்றத்துக்கான குரலாகப் பயன்படுத்தினர்.

இவ்விரு எதிர்ப்புகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முதல் தரப்பினர் புதுக்கவிதை தேவையில்லை என்றனர். இரண்டாம் தரப்பினர் வேறு வகையான புதுக்கவிதை வேண்டும் என்றனர். 1962 க்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையில் விவாதத்தின் மையம் முதற்கேள்வியிலிருந்து இரண்டாம் கேள்விக்கு நகர்ந்தமை, புதுக்குரல்கள் போன்ற நூல்கள் அடைந்த வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.

பாடநூலாதல்

புதுக்குரல்கள் பின்னர்ப் பல்கலைக்கழக முதுகலைத் தமிழ் வகுப்புக்குப் பாடநூலாக ஏற்கப்பட்டது. 1970களில் மறுபதிப்பும் கண்டது. கடைகளில் இடம்பெற இயலாத நூல், அதன் எதிர்ப்பாளர்கள் மிகுந்திருந்த தமிழ்த் துறையின் பாடத்திட்டத்திலேயே நுழைந்தது.

இதே காலப்பகுதியில் வல்லிக்கண்ணன், புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும் என்ற வரலாற்றை எழுதினார். தீபம் இதழில் தொடராக வந்த இக்கட்டுரைகளை எழுத்து பிரசுரம் 1977 இல் நூலாக வெளியிட்டது. இந்நூல் 1978 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. வீட்டிலிருந்து நடத்தப்பட்ட ஒரு சிறு பதிப்பகத்தின் வெளியீடு தேசிய விருது பெற்றமை குறிப்பிடத்தக்கது.

பிற நூல்களுடன் ஒப்பீடு

கவிதை நூலை அதன் ஆசிரியரோ தொகுப்பாசிரியரோ தாமே வாசகரிடம் கொண்டு செல்வது புதுக்குரல்களுக்கு மட்டும் உரிய நிகழ்வன்று.

உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காகக் கையொப்பம் என்ற முறையைப் பின்பற்றினார். நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்னரே ஒப்புதல் பெறுவதே இம்முறையாகும். பின்னர்ப் புறநானூறு (1894), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904) முதலிய பழந்தமிழ்த் தொகை நூல்களை அவர் பதிப்பித்தார். சென்னைக்கு வந்தபின் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் என்ற இல்லமும் திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவிலேயே இருந்தது. தமிழின் மிகப் பழைய கவிதைத் தொகைகளுள் சிலவற்றைப் பதிப்பித்தவரும், முதல் புதுக்கவிதைத் தொகுப்பை வெளியிட்டவரும் வெவ்வேறு காலங்களில் ஒரே தெருவில் வாழ்ந்தனர். சாமிநாதையரின் இல்லம் 2012 இல் இடிக்கப்பட்டது. அவரது ஏடுகளும் நூல்களும் 1943 இல் நிறுவப்பட்டு இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ. வே. சா. நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

வால்ட் விட்மன் 1855 இல் புல்லின் இதழ்கள் நூலின் முதற்பதிப்பைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். சுமார் 800 படிகளே அச்சிடப்பட்டன. அச்சுக்கோக்கும் பணியிலும் அவர் பங்கேற்றார். நூலைப் பற்றித் தாமே பெயர் குறிப்பிடாமல் மதிப்புரைகளும் எழுதினார். தம் நூலுக்குத் தாமே மதிப்புரை எழுதும் இம்முறை இன்று ஏற்கத்தக்கதாகக் கருதப்படுவதில்லை.

ஈழத்தில் 1985 இல் வெளிவந்த மரணத்துள் வாழ்வோம் என்ற அரசியல் கவிதைத் தொகுப்பு, நெருக்கடிக் காலத்தில் பல கவிஞர்களின் குரல்களை ஒன்றுசேர்த்த மற்றொரு முக்கிய நூலாகும். அதன் தொகுப்பாளர்களுள் ஒருவரான இ. பத்மநாப ஐயர், ஈழத்து நூல்களைத் தமிழகத்துக்கும் தமிழக நூல்களை ஈழத்துக்கும் கொண்டு சேர்த்த பணிக்காக அறியப்படுபவர்.

இணையவழி நூல் உலாவுடன் ஒப்பீடு

இணையவழி நூல் உலா என்பது, புதிய நூல் ஒன்றின் ஆசிரியரோ தொகுப்பாசிரியரோ குறிப்பிட்ட கால அட்டவணைப்படி வெவ்வேறு இணைய வாசகர் குழுக்களில் தோன்றி, உரையாடல், வாசிப்பு, நேர்காணல் முதலியவற்றின் வாயிலாக நூலை அறிமுகம் செய்யும் முறையாகும். ஒவ்வொரு நாளும் ஓர் ஊருக்குச் செல்வதற்கு மாற்றாக, ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்குச் செல்வதாக இதனைக் கொள்ளலாம். 2000களில் ஆங்கிலப் பதிப்புலகில் இம்முறை பரவியது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது தமிழ் நூல் வெளியீடுகளும் வாசிப்புக் கூட்டங்களும் காணொளி வழியே நடைபெற்றன. வழக்கமாகப் பொங்கலையொட்டி நடைபெறும் சென்னைப் புத்தகக் கண்காட்சியும் 2021 இல் பிப்ரவரி மாத இறுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டு நந்தனத்தில் நடைபெற்றது.

புதுக்குரல்களின் பரப்பலை இம்முறையோடு ஒப்பிடும்போது, ஒரு கவிதைத் தொகுப்பு வாசகரை அடையத் தேவையான பணிகளைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. விளக்கம்: புதிய வகைக் கவிதையை எவ்வாறு படிப்பது என்பதை வாசகருக்குக் கூறவேண்டும். புதுக்குரல்களுக்கு நுழைவாசல் இப்பணியைச் செய்தது. இணைய உலாவில் நேர்காணலும் உரையாடலும் இதனைச் செய்கின்றன.

2. முகவரிப் பட்டியல்: நூலை விரும்பக்கூடியவர்கள் எங்கே உள்ளனர் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். செல்லப்பாவிடம் எழுத்து சந்தாதாரர் பட்டியல் இருந்தது. நூலுக்கு முன் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இதழ் நடந்ததால் அப்பட்டியல் உருவானது. வாசகர் தொடர்பு எதுவும் இன்றித் திடீரெனத் தொடங்கும் உலா பயன் தருவது அரிது.

3. இடத்துக்கேற்ற பேச்சு: பேராசிரியரிடம் பேசுவதும் மாணவரிடம் பேசுவதும் ஒன்றல்ல. ஒரே அறிவிப்பை எல்லா இடங்களிலும் திரும்பக் கூறுவது விளம்பரமாக மட்டுமே எஞ்சும்.

4. பல கவிஞர்கள்: தனி நூலுக்கு ஒரே ஆசிரியர், தொகுப்புக்கு அதில் இடம்பெற்ற அனைவரும் ஆசிரியர்கள். 24 கவிஞர்களைக் கொண்ட நூல் 24 நண்பர் வட்டங்களை அடையும் வாய்ப்பை உடையது. தொகுப்பு நூல்களுக்கே உரிய வசதி இது.

5. உரிமை: தொகுப்பில் உள்ள ஒவ்வொரு கவிதைக்கும் தனித்தனிக் காப்புரிமை உண்டு. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை இவ்வுரிமை நீடிக்கின்றது. ஆகவே கவிதைகளை முழுமையாக இணையத்தில் இடுவதற்கு உரிமையாளர் ஒவ்வொருவரின் இசைவும் தேவை. தொகுப்பாசிரியரின் இசைவு மட்டும் போதாது.

வேறுபாடுகளும் உள்ளன. இணைய உலாவில் பயணச் செலவு இல்லை. திருவல்லிக்கேணியிலிருந்து பேசுபவரை யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். தருமு சிவராமுவின் கடிதம் திருகோணமலையிலிருந்து வந்துசேரக் காத்திருந்த நாள்கள் இன்று தேவையில்லை. மறுபுறம், உரையாடலைக் கேட்போர் அனைவரும் நூலை வாங்குவதில்லை. செல்லப்பாவிடம் பேசிய மாணவரின் முன்னால் நூலும் இருந்தது. அதனைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க இயன்றது. அவர் சென்ற பின்னும் கல்லூரி நூலகத்தில் ஒரு படி தங்கியது. இணைய உரையாடல் முடிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் ஒரு பதிவு மட்டுமே.

தாக்கம்

எழுத்தின் இறுதிக் காலத்திலும் அது நின்ற பின்னரும், நடை, கசடதபற முதலிய சிற்றிதழ்கள் புதுக்கவிதையைத் தொடர்ந்து வெளியிட்டன. நடை இதழைச் சி. மணி நடத்தினார். க்ரியா போன்ற பதிப்பகங்கள் 1970களில் புதுக்கவிதை நூல்களைச் செம்மையான அச்சமைப்பில் வெளியிட்டன. சி. மணியின் வரும் போகும் (1974) அவற்றுள் ஒன்று. பின்னாளில் ராஜமார்த்தாண்டன் தொகுத்த கொங்குதேர் வாழ்க்கை இரண்டாம் பகுதி உள்ளிட்ட பெருந்தொகுப்புகள் வெளிவந்தன. இத்தொகுப்புகளில் புதுக்குரல்கள் கவிஞர்கள் பலர் முன்னோடிகளாக இடம்பெறுகின்றனர்.

இன்று தமிழில் எழுதப்படும் கவிதைகளில் மிகப் பெரும்பாலானவை யாப்பு சாராதவை. பள்ளிப் பாடநூல்களிலும் புதுக்கவிதை இடம்பெறுகின்றது. புதுக்கவிதை கவிதைதானா என்ற வினா இப்போது எழுப்பப்படுவதில்லை. ஆயினும் அக்கவிதைகளைத் தாங்கிவரும் நூல்களின் நிலை அதே அளவுக்கு மாறவில்லை. கவிதை நூல்கள் இன்றும் சில நூறு படிகளாகவே அச்சிடப்படுகின்றன. அவற்றை வாசகரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் கவிஞரிடமும் சிறு பதிப்பாளரிடமுமே உள்ளது.

இவற்றையும் பார்க்க

எழுத்து (சிற்றிதழ்)
சி. சு. செல்லப்பா
ந. பிச்சமூர்த்தி
புதுக்கவிதை
தமிழ்ச் சிற்றிதழ்கள்
சென்னைப் புத்தகக் கண்காட்சி